விழியிழந்தோரும் தமிழ்த் திருச்சபையும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறுபவர், இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் நிலையங்களைக் கடந்து முடிக்குமுன் கோலூன்றி வரும் ஒருவரையாவது சந்திப்பார். ஊக்கும் சீப்பும் விற்போர் சிலர். பாடிக் காசு பெறுவோர் சிலர். அவர்கள் பாடுவனவற்றுள் நம் ஆலயங்களில் பாடப்பெறும் பாடல்களும் உண்டு. ஞாயிறன்று அதே பாடலைப் பாடும் நாம், வண்டியில் அதைக் கேட்கும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். இவர்களைப் பற்றித் தமிழ்த் திருச்சபை வரலாற்றில் என்ன எண்ணிற்று, என்ன செய்தது, எதைச் செய்யாது விட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சியைத் திருவொற்றியூரிலேயே தொடங்குவது பொருந்தும். பார்வையிழப்பைப் பற்றிய தமிழ்நாட்டின் புகழ்பெற்ற கதைகளுள் ஒன்று நிகழ்ந்த இடமாக அவ்வூரே சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறுவது இது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பி, அவரை விட்டுப் பிரிவதில்லையெனச் சூளுரைக்க இசைந்தார். சன்னிதியில் உரைத்த சூள் பின்னர்த் தடையாகுமென அஞ்சி, அந்நேரத்திற்கு மட்டும் மகிழ மரத்தடிக்கு எழுந்தருளுமாறு சிவபெருமானிடம் வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரிடம், சூளை மகிழ மரத்தடியிலேயே கேட்குமாறு முன்னரே அறிவித்துவிட்டார். சுந்தரர் அங்கேயே சூளுரைக்க நேர்ந்தது. பின்னொரு நாள் திருவாரூர் நினைவு மேலிட, சூளை மறந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டிய அளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை அங்கு நடைபெறுகிறது.

இக்கதையின் பிற்பகுதி நம் கவனத்திற்குரியது. பார்வையிழந்த சுந்தரர் வாய்மூடி நடக்கவில்லை. வழிநெடுக இறைவனோடு வழக்காடிக்கொண்டே செல்கிறார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல் ஒன்றே. (அவ்வூர்க் கோயில் நின்ற நிலம் பின்னர்ப் பூண்டி நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்தது, கோயில் இடம் பெயர்த்துக் கட்டப்பட்டது. சென்னை நகரம் அந்நீரைக் குடிக்கிறது.) காஞ்சியில் இடக்கண் ஒளி பெறுகிறது. திருவாரூர் சேர்ந்த பின்னரே வலக்கண்ணும் ஒளி பெறுகிறது. இருவேறு நிலைகளாய்ப் பார்வை திரும்புவதையும், இடையில் ஒருவர் ஒற்றைக் கண்ணோடு நெடுந்தொலைவு நடப்பதையும் இக்கதை மறைக்காமல் சொல்கிறது. மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தைக் கற்றவர்க்குப் பெத்சாயிதாவின் மனிதர் இங்கே நினைவுக்கு வராதிரார்.

எனினும் கதையின் அடித்தளம் வெளிப்படையானது. பார்வையிழப்பு தவறுக்குத் தண்டனை. பிறவியிலேயே பார்வையற்றவராய்த் திருவாரூரில் குளம் தோண்டிய தண்டியடிகளின் கதையும் இவ்வாறே முடிகிறது. அவர் கண் பெறுகிறார். அவரை இகழ்ந்தவர்கள் கண்ணிழக்கின்றனர். நம் மிஷனெரிமார் பலர் இத்தகைய கதைகளைக் காட்டி, கர்மக் கொள்கையின் கொடுமையென எழுதினர். அவர்கள் எழுதியதில் உண்மை உண்டு. ஆனால் கல்லெறியுமுன் நம் கையைப் பார்த்துக்கொள்ளல் நலம். அப்போஸ்தலர் பணிகளின் 13ஆம் அதிகாரத்தில் பவுலடியார் எலிமாவுக்குச் செய்தது என்ன? லேவியர் ஆகமம் 21ஆம் அதிகாரம் பார்வையற்ற ஆரோன் வழியினரைப் பீடத்தண்டை வரவொட்டாமல் தடுக்கிறது. அதே நூலின் 19ஆம் அதிகாரம் பார்வையற்றோர் முன் தடையை வைப்பதைக் கண்டிக்கிறது என்பதும் மெய்யே. இரண்டும் நம் திருமறையிலேயே இருக்கின்றன.

யோவான் 9ஆம் அதிகாரம் இவ்வழக்கில் தீர்ப்பு வழங்குவதாக நாம் வழக்கமாய்ப் போதிக்கிறோம். பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா எனச் சீடர் வினவ, இரண்டையும் ஆண்டவர் மறுக்கிறார். ஆயினும் அடுத்து வரும் சொற்றொடரைக் கொண்டு, கடவுள் தம் செயலைக் காட்டுவதற்கென்றே ஒரு குழந்தையைப் பார்வையின்றிப் பிறப்பித்தார் என நம்மில் பலர் பிரசங்கித்திருக்கிறோம். கிரேக்க மூலத்தின் பழங்கையெழுத்துகளில் நிறுத்தற்குறிகள் இல்லை. மறுப்போடு வாக்கியத்தை முடித்து, கடவுளின் செயல் வெளிப்படும்படி நாம் பகலிருக்கையில் உழைக்கவேண்டும் என அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசிப்பதற்கும் இடமுண்டு என விளக்கவுரையாளர் சிலர் காட்டியுள்ளனர். எனக்கு இவ்வாசிப்பே ஏற்புடையது. காரணம் தேடும் கேள்வியை ஆண்டவர் கைவிட்டு, வேலையைக் கையிலெடுக்கிறார்.

அந்த வேலை தமிழகத்தில் எவ்வாறு நடந்தது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். மிஷனெரிகள் வருமுன் தமிழகத்துப் பார்வையற்றோர் அனைவரும் கல்லாதவராய் இருளில் கிடந்தனர் என்பது வரலாறன்று. பதினேழாம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதியின் பொன்விளைந்த களத்தூரைச் சார்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டச் செய்து கல்வி கற்றார் என்பது வழிவழிச் செய்தி. தோலால் எழுத்தை உணரும் முறை லூயி பிரெயிலுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொண்டை நாட்டில் அறியப்பட்டிருந்தது என இதிலிருந்து கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனியின் மாம்பழக் கவிச்சிங்க நாவலர், சிறுவயதில் அம்மையால் பார்வையிழந்தும் சேதுபதியின் அவையில் புகழ்பெற்றார். ஆனால் இவர்கள் ஆசிரியரும் ஆதரவாளரும் வாய்க்கப்பெற்ற சிலர். துறைமுகக் கூலியின் மகனுக்கு முதுகில் எழுதிக் காட்டுவார் யார்?

நாவலரின் கண்ணைக் கெடுத்த அம்மை அந்நாளில் எண்ணற்ற குழந்தைகளின் கண்களையும் கெடுத்தது. கருவிழியில் புண் தோன்றி, ஆறியபின் வெண்தழும்பு நின்றுவிடும். இந்தியாவில் பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இன்று அறுபது வயதைக் கடந்தோரிடமே அதன் தழும்புகளைக் காண்கிறோம். மற்றொரு காரணம் வறுமை. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்த குழந்தைக்கு முதலில் மாலைக்கண் தோன்றும். பின் கருவிழி வறண்டு, சில நாள்களிலேயே உருகிவிடும். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ரைட் என்பவரும் ஊட்டச்சத்து அறிஞர் அய்க்ராய்டும், செம்பனை எண்ணெயால் இந்நோயைக் குணப்படுத்துவது பற்றி 1937இல் எழுதினர். நாடு தழுவிய உயிர்ச்சத்துத் திட்டம் 1970இலேயே தொடங்கிற்று. முருங்கைக்கீரை மலிந்த நாட்டில் கீரை கிடைக்காமல் குழந்தைகள் கண்ணிழந்தனர் என்பது கசப்பான செய்தி.

மேற்கூறிய மருத்துவமனை 1819ஆம் ஆண்டு இராயப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் தொடங்கப்பெற்று, 1884இல் எழும்பூருக்கு மாறியது. இலண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடி உலகிலேயே தொன்மையான கண் மருத்துவமனை எனப் போற்றப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய எலியட், கண் நீரழுத்த நோய்க்குப் புதிய அறுவை முறையொன்றை 1909இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். ஊர் ஊராய்த் திரிந்த நாட்டு வைத்தியர்கள் ஊசியால் கண்புரையை உள்ளே தள்ளி, கூலி பெற்று மறைந்துவிடும் பழக்கத்தைப் பற்றி 1917இல் அவர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாயின. வைத்தியன் போனபின் சீழ் பிடித்த கண்ணோடு மருத்துவமனைக்கு வந்தவர்களையே அவர் கண்டார் என்பதை மனத்திற்கொண்டு அந்நூலைப் படிக்கவேண்டும்.

வடசென்னையில் திருச்சபையின் மருத்துவப் பணி வேறு திசையில் சென்றது. ஸ்காட்லாந்து மிஷனைச் சார்ந்த டாக்டர் அலெக்சாந்திரினா மக்ஃபெயில் அம்மையார் 1888இல் சென்னை வந்து பெண்களுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினார்; அப்பணியின் கனியாக இராயபுரத்தில் கிறிஸ்தினா ரெய்னி மருத்துவமனை 1914இல் திறக்கப்பட்டது. அதற்கும் வெகுமுன்னர், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எழுந்த மணியக்காரர் சத்திரம், முதியோர்க்கும் உடல் நலிந்தோர்க்கும் இராயபுரத்தில் சோறளித்து வந்தது. சோறு கிடைத்தது, மருந்து கிடைத்தது. பார்வையற்றோர்க்குக் கல்வி என்னும் எண்ணம் தெற்கே உருவாயிற்று.

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெண்கள் கல்வி நிலையத்தை நடத்திவந்த ஆஸ்க்வித் அம்மையார், 1890ஆம் ஆண்டளவில் அங்குப் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். (அக்கல்வி நிலையத்திற்குப் பெயரளித்த சாராள் தக்கர் உடற்குறையுடையவர், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. குறையுடையோர் குறையுடையோர்க்குச் செய்த உதவிகள் நம் வரலாற்றில் போதுமான அளவு எழுதப்படவில்லை.) இந்தியாவில் இதற்கு முந்தியது, 1887இல் ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரசில் நிறுவிய பள்ளியே. பாளையங்கோட்டையில் செய்யப்பட்ட பெருஞ்செயல், பிரெயிலின் ஆறு புள்ளிகளுக்குள் தமிழ் நெடுங்கணக்கை அடக்கியது.

அது எளிய வேலையன்று. தமிழில் உயிர்மெய் எழுத்துகள் இருநூற்றுக்கு மேல். ஆறு புள்ளிகளால் ஆகும் வடிவங்களோ 63 மட்டுமே. எந்தப் புள்ளிவடிவம் எந்த ஒலிக்கு என்பதில் ஒவ்வொரு மிஷனும் ஒவ்வொரு வழியில் சென்றது. திருவிதாங்கூரில் பணியாற்றிய இலண்டன் மிஷனின் நோல்ஸ் ஐயரும், கல்வித் துறையில் இருந்த கார்த்வெயிட்டும் சேர்ந்து, இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான 'கீழ்நாட்டுப் பிரெயில்' ஒன்றை 1902இல் முன்வைத்தனர். வேதாகமச் சங்கத்தின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. ஆனாலும் தத்தம் பள்ளியில் கற்பித்த முறையைக் கைவிட எவரும் எளிதில் இசையவில்லை. பாளையங்கோட்டையில் படித்தவர் மற்றோர் இடத்தில் அச்சான நூலைத் தொட்டு வாசிக்க இயலாத நிலை அரை நூற்றாண்டு நீடித்தது. ஒரே ஆண்டவரைப் பற்றிய நூலைப் பல புள்ளிமுறைகளில் அச்சிட்டுப் பணத்தையும் கண்ணற்றோர் காலத்தையும் வீணாக்கிய பிளவு இது. மிஷன்களின் எல்லைச் சண்டைகளை வகுப்பில் கற்பிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

இதற்கு முடிவு விடுதலைக்குப் பின் வந்தது. முதல் உலகப் போரில் கல்லிப்போலியில் கண்ணிழந்த நியூசிலாந்தரான கிளதா மக்கென்சி, இந்திய அரசுக்கு உதவ வந்து, பார்வையின்மை பற்றிய 1944ஆம் ஆண்டு அறிக்கையில் பெரும்பங்கு கொண்டார். யுனெஸ்கோவின் முயற்சியோடு 1951இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழ்க் 'க'வும் இந்திக் 'க'வும் ஆங்கில 'கே'யும் ஒரே புள்ளிகளாயின. இம்முறையில் அச்சுத்தமிழின் ஒரு சிக்கலும் நேராகிவிடுகிறது. 'கொ' என எழுதுகையில் ஒகரக் குறி ககரத்தின் இருபுறமும் நின்று அதை வளைக்கிறது. பிரெயிலிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவே. மெய்யெழுத்துக்குரிய புள்ளி, எழுத்துக்கு மேலே அன்றி முன்னே வருகிறது. விரல் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் செல்வதால் ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசையாகிறது.

பாளையங்கோட்டைப் பள்ளியைப் போன்ற நிறுவனங்கள் வாசிப்போடு நெசவும் கூடை முடைதலும் நாற்காலிப் பிரம்பு பின்னுதலும் இசையும் கற்பித்தன. பலருக்கு மானத்தோடு வாழ வழி கிடைத்தது. இதனைக் குறைத்துக் கூறுவது நன்றிகேடு. ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாகவேண்டும். பார்வையற்ற பிள்ளையை ஊரிலிருந்தும் சபையிலிருந்தும் பிரித்து நெடுந்தொலைவில் வைத்தோம். எண்ணூரில் பிறந்த குழந்தை கல்வி கற்க அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போகவேண்டியிருந்தது. பிற்காலத்தில் பூந்தமல்லியில் அரசுப் பள்ளி அமைந்தது சென்னைக் குடும்பங்களுக்குப் பேருதவி. இரண்டாவது, அவர்களுக்குப் பணி செய்தோம். அவர்களைப் பணியாளராக்க எண்ணினோமில்லை. இசைக் கருவி வாசிக்க விட்டோம், பிரசங்கபீடத்தைக் காட்டவில்லை. ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் மாதிசன், இருபது வயதிற்குள் பார்வையை ஏறக்குறைய முற்றும் இழந்தும், 1868 முதல் 1899 வரை இன்னெலனிலும் எடின்பரோவிலும் ஆயராயிருந்தார். அவருக்காக அவர் சகோதரியார் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். நம் இறையியல் கல்லூரிகளின் நூலகத்தில் மாதிசனின் நூல்கள் இருந்தன. அவரைப் போன்ற மாணவர்க்கு விடுதியில் அறை இருந்ததா என்பதே கேள்வி.

இதுவரை கூறியது பெரும்பாலும் பிறவியிலோ இளமையிலோ பார்வையிழந்தோரைப் பற்றியது. வடசென்னையின் தொழிற்பகுதி வேறொரு கூட்டத்தை உருவாக்கிற்று. 1948இல் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. அவற்றைச் சுற்றி வார்ப்படச் சாலைகளும் எண்ணற்ற சிறு பட்டறைகளும். சாணைக்கல்லில் தெறிக்கும் இரும்புத் துணுக்கு, வெல்டிங் ஒளி, காரப் பொருள் என மூன்று பகைகள் கண்ணுக்கு. வெல்டிங் ஒளிபட்டவன் இரவில் கண்ணில் மணல் கொட்டினாற்போல் துடிப்பான். ஓரிரு நாளில் பெரும்பாலும் தேறிவிடும். காரம் அப்படியன்று, அமிலத்தைக் காட்டிலும் ஆழமாய்க் கண்ணுக்குள் ஊடுருவும். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் எரியும் கண்களோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நாடு அறியும்.

தொழிலாளர் இழப்பீட்டுக்கென 1923இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அட்டவணை, திருத்தங்களுக்குப் பின், கண்ணுக்கு இவ்வாறு விலை வகுத்திருந்தது: மற்றக் கண் நலமாயிருக்க ஒரு கண்ணையே இழந்தால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 40 இழப்பு, கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30, பார்வை வேண்டிய வேலை எதையும் செய்ய இயலாதபடி போனால் 100. இக்கணக்கில் கொடுமையும் உண்டு, ஒரு நேர்மையும் உண்டு. பார்வை என்பது இருக்கிறது அல்லது இல்லை என்று முடிந்துபோகும் ஒன்றன்று, அதற்குப் படிகள் உண்டு என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை மேலும் விரித்தது. திருத்தக் கண்ணாடி அணிந்தும், நலமுள்ளவர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரிலும் காண இயலாதவர் பார்வையற்றோர். 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டருக்கு அப்பால் காண இயலாதவர் முதல் அந்நிலை வரை உள்ளோர் குறைபார்வையினர். சுற்றுப்பார்வை சுருங்கியோரும் இதில் அடங்குவர். முகம் தெரியும், படி தெரியாது. எழுத்து தெரியும், எதிரே வரும் வண்டி தெரியாது. இத்தகையோரை, நடிக்கிறான் என்று சொல்லும் வாய்கள் சபையிலும் உண்டு.

திருமறை இவர்களை அறிந்திருக்கிறது. ஈசாக்கு, யாக்கோபு, ஏலி, அகியா என மங்கிய கண்களோடு வாழ்ந்தோர் வரிசை அதில் உண்டு. மாற்கு மட்டுமே கூறும் பெத்சாயிதா நிகழ்ச்சியில், மனிதர் மரங்களைப்போல் நடமாடத் தெரிகின்றனர் என ஒருவர் தம் குறைபார்வையை அப்படியே சொல்கிறார். என்ன தெரிகிறது என்று ஆண்டவர் கேட்டபின்னரே அவர் சொன்னார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். இந்நிகழ்ச்சியைச் சீடரின் அரைகுறை விசுவாசத்திற்கு உருவகமெனக் கற்பிக்கிறோம். மாற்குவின் அமைப்பில் அதற்கு இடமுண்டு. ஆனால் உருவகமாக்கும் அவசரத்தில் அந்த மனிதர் காணாமற்போகிறார்.

இதை நான் ஒரு சபையாரிடமிருந்தே கற்றேன். திருவொற்றியூர்ப் பகுதியில் நான் ஊழியஞ்செய்த சபையில், பட்டறையில் துணுக்குப் பாய்ந்து ஒரு கண்ணை இழந்து, மறு கண்ணை நீரழுத்த நோயால் சிறிது சிறிதாய் இழந்த முதியவர் ஒருவர் இருந்தார். பர்த்திமேயுவைப் பற்றி நான் பிரசங்கித்து, பாவ இருள், அவிசுவாச இருள் என அடுக்கி முடித்த ஞாயிறன்று, வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஐயரே, இருட்டு இருட்டுன்னு சொன்னீங்க. எனக்கு இருட்டாவே இல்லீங்களே. மார்கழிப் பனி மாதிரி வெள்ளையாத்தான் இருக்குது." குறை சொல்லும் தொனி அவரிடம் இல்லை, தகவல் தெரிவித்தார், அவ்வளவுதான். முப்பதாண்டுப் பிரசங்கக் குறிப்புகளில் அச்சொல்லை எத்தனை இடங்களில் எழுதியிருக்கிறேன் என அன்றிரவு எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். பழைய மொழிபெயர்ப்பின் 'குருடன்' 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் 'பார்வையற்றவர்' ஆகிவிட்டார். நம் ஜெபங்களில் இன்னும் ஆகவில்லை.

அவருக்குப் பிரெயில் கற்பிக்கலாமென முயன்றோம். நாற்பதாண்டு இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்நுனியில் புள்ளிகள் பிடிபடவில்லை. முதுமையில் பார்வையிழக்கும் தொழிலாளர்க்கு ஆஸ்க்வித் அம்மையாரின் வழி பெரும்பாலும் அடைபட்ட வழியே. வேறு வழி அவர் பேத்தியின் கைப்பேசியில் இருந்தது. திருமறையைக் குரலில் கேட்டு, ஒரு வாரம் முழுதும் திரும்பத் திரும்பக் கேட்டு, மாற்கு 8ஆம் அதிகாரத்தின் அப்பகுதியை மனப்பாடமாக ஒப்புவித்தார். ஆராதனையில் பாடம் வாசிப்போர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க முன்மொழிந்தேன். நூலைப் பாராமல் சொல்வது வாசிப்பாகுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது எனக் குறிப்பேட்டில் எழுதினோம்.